பத்து முப்பத்தொன்று, ஒத்திகை

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஐந்து வருடமாக ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மளிகைக் கணக்கோ, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலோ அல்ல. ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு வெளிவந்தபோது அதில் என்னென்ன சேர்ந்தது, என்னென்ன சரியானது என்று வெளியிட்ட பட்டியல். எழுபத்திரண்டு வரிகளில் நாற்பத்தொன்றாவது வரி என்னுடையது. மஞ்சள் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மஞ்சள் வெளுத்துவிட்டது, என் பெருமை வெளுக்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் எடுக்கிற சாக்கில் அவர்களை ஃபிரிட்ஜ் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடுவேன்.

என் வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். "வந்தவங்களுக்கு முதல்ல தண்ணியக் குடு. அப்புறமா தாளைக் காட்டு. தாகத்துல மயங்கி விழுந்துடப் போறாங்க" என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர் பேருந்தை அவர் ஓட்டுகிறார், ஆனால் அதன் பிரேக்கை அவரா செய்தார்? நான் ஓட்டுகிற வண்டியில் ஒரு பாகம் நானே செய்தது.

அந்த வண்டி என்னவென்று சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பெரிய மருத்துவமனையின் கணினிப் பிரிவுக்குத் தலைவி. நூற்று நாற்பது கணினிகள் என் பொறுப்பு. ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்து சரிசெய்தால் ஆயுசு போதாது. அதனால் ஒரு மென்பொருளை வைத்திருக்கிறோம். எந்தக் கணினி எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால், அது வரிசையாகப் போய் எல்லாவற்றையும் அப்படியே ஆக்கிவிட்டு வரும். எல்லோருக்கும் திறந்து கிடக்கிற மென்பொருள். உலகம் முழுக்க நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம், மற்றவர்கள் பார்த்து ஒப்புக்கொண்டால் அது சேரும். அங்கே என் பெயர் எறும்பு. நான் அனுப்புவதைப் பார்த்துச் சரிசொல்கிறவரின் படத்தில் ஒரு ஆந்தை இருக்கும். ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் தெரியாது. என் வீட்டுக்காரர் இவர்களை "உன் முகம் தெரியாத சொந்தக்காரங்க" என்பார்.

இந்த மென்பொருளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. நிஜமாக மாற்றுவதற்கு முன், எதையும் தொடாமல், 'ஓட்டினால் இன்னின்ன மாறும்' என்று மட்டும் சொல்லச் சொல்லலாம். எங்கள் பிரிவில் அதற்கு ஒத்திகை என்று பெயர். ஒத்திகைக்காக நான் சேர்த்ததுதான் அந்த நாற்பத்தொன்றாவது வரி. வெறுமனே 'இது மாறும்' என்று சொன்னால் போதுமா? அதனால் பழைய கோப்பை நகலெடுத்து, புதியதை அந்த நகலில் எழுதி, 'இதை உன்னால் படிக்க முடிகிறதா' என்று அந்தக் கணினியிடமே கேட்டுவிட்டு நகலை அழித்துவிடும். அசலில் கை படாது. நான் எழுதியது, படாது என்றால் படாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு எனக்கு வந்த போன் புறநோயாளிகள் பிரிவிலிருந்து.

"மேடம், டோக்கன் போர்டு எல்லாம் செத்துப் போச்சு! இங்க இருநூறு பேர் நிக்கிறாங்க!"

ஓடினேன். கூடத்தில் தொங்கும் ஆறு பலகைகளும் கறுப்பாக இருந்தன. யாருடைய எண் யாருக்கும் தெரியவில்லை. ஒவ்வொரு மருத்துவர் அறை வாசலிலும் ஒரு கும்பல். செவிலியர்கள் நாற்காலி மேல் ஏறி நின்று எண்களைக் கத்திக்கொண்டிருந்தார்கள். தொண்ணூற்றாறு என்று ஒருவர் கத்த, அறுபத்தொன்பதும் தொண்ணூற்றாறும் தொண்ணூறும் ஒன்றாக உள்ளே போய் மருத்துவரைச் சூழ்ந்துகொண்டன. பலகைகளை இயக்குகிற கணினியில் பார்த்தேன். வருகிற ஞாயிறு மாட்டப்போகிற புதிய பலகைகளுக்கான அமைப்பு, இன்றே அதில் உட்கார்ந்திருந்தது. பழைய பலகைகளுக்கு அது எப்படிப் புரியும்? பழையதை மீட்டு வைக்க நாற்பது நிமிடம் பிடித்தது.

அன்று காலை அந்தக் கணினிக்கு ஒத்திகை பார்க்க நான் சொல்லியிருந்தது டெஸ்டரிடம்.

டெஸ்டர் என்பது பட்டப்பெயர். என்னைவிட எட்டு வயது பெரியவர். இருபது வருடம் இதே மருத்துவமனையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். வேலை முடிந்து மாலையில் படித்து, பரீட்சை எழுதி, நாற்பத்தொன்பது வயதில் எங்கள் பிரிவுக்கு மாறி வந்தார். ஒற்றை விரலால்தான் தட்டச்சு செய்வார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் இன்னமும் அந்த டெஸ்டர்தான் இருக்கும், பிடியில் குட்டி விளக்கு எரியுமே, அதுதான். ஒரு கட்டளையை எழுதினால் அதை முதலில் ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவார். எங்கள் பிரிவில் அதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. நானும் சிரித்திருக்கிறேன்.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். அன்று கூடத்தின் நடுவிலேயே, செவிலியர்களும் நோயாளிகளும் என் பிரிவு ஆட்களும் பார்க்க, வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன்.

"ஒத்திகைன்னு ஒரு வார்த்தை சேக்கணும். அது ஒண்ணுதானே அண்ணா உங்களுக்குச் சொன்ன வேலை? அதையும் மறந்துட்டு நிஜமா ஓட்டிட்டீங்களே! கரண்டு வேலை மாதிரி நெனச்சீங்களா?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "ஒத்திகைதான் மேடம் போட்டேன்" என்றார். நோட்டை எடுத்து நீட்டினார். பத்து முப்பத்தொன்று, ஒத்திகை, டோக்கன் கணினி என்று குண்டுகுண்டாக எழுதியிருந்தது.

"நோட்டுல எழுதினா ஆச்சா? மெஷின்ல என்ன தட்டினீங்களோ யாருக்குத் தெரியும்?"

அதுதான் சிக்கல். எங்கள் பதிவில் கட்டளை ஓடிய நேரம் இருக்கும், அது ஒத்திகையா நிஜமா என்று இருக்காது. மதியம் நிர்வாகி அறிக்கை கேட்டார். 'ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணியோடு டெஸ்டரின் அனுமதிகள் ரத்து, திங்கள் முதல் மறுபடி மின்பிரிவு என்று ஆணை தயாரானது. மூன்று வருடம் அவர் பாடுபட்டு ஏறிய படியிலிருந்து ஒரே கையெழுத்தில் இறக்கிவிட்டேன்.

மறுநாள் காலை அவர் தன் பொறுப்புகளை ஒப்படைக்க வந்தார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. சாவிக்கொத்து, அடையாள அட்டை எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டு, "ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார்.

"கேளுங்க."

"அந்த ஒத்திகை சரியா வேலை செய்யுதான்னு யாராவது சோதிச்சுப் பாத்திருக்காங்களா?"

"அது சோதிக்கிறதுக்குன்னே இருக்கற விஷயம். அதைப் போய் எதுக்குச் சோதிக்கணும்?"

அவர் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தார். என் மேசைக்குப் பின்னால் இரண்டு பிளக் பாயிண்ட் உண்டு. ஒன்று செத்துப் பல மாதமாகிறது. முதலில் வேலை செய்கிற பாயிண்டில் டெஸ்டரை வைத்தார், விளக்கு எரிந்தது. பிறகு செத்ததில் வைத்தார், எரியவில்லை. மறுபடி வேலை செய்கிறதில் வைத்தார், எரிந்தது.

"செத்ததுல மட்டும் வெச்சுப் பாத்துட்டுக் கைய விட்டா, ஒருநாள் மாட்டிப்போம். டெஸ்டரே கெட்டுப் போயிருந்தாலும் விளக்கு எரியாது பாருங்க. கரண்டு இல்லைன்னு நெனச்சுத் தொடுவோம். அதான் முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை."

எனக்குச் சுருக்கென்றது. புரிந்ததால் அல்ல, அந்த ஒத்திகையில் என் நாற்பத்தொன்றாவது வரி இருந்ததால். "அண்ணா, அதுல ஒரு பகுதி நான் எழுதினது. அஞ்சு வருஷமா உலகம் பூரா ஓடுது" என்றேன்.

"சரிங்க மேடம்" என்றார். அவர் அப்படிச் சொன்ன விதத்தில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விட்டேனா பார் என்று அங்கேயே ஒரு பரிசோதனைக் கணினியைத் தயார் செய்தேன். அவர் நோட்டில் இருந்த அதே கட்டளையைப் பத்து முறை ஓட்டினேன். பத்து முறையும் அசல் கோப்பு அசையாமல் இருந்தது. ஜெயித்துவிட்ட தோரணையில் நாற்காலியைத் திருப்பினேன்.

டெஸ்டர் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இது டோக்கன் கணினி மாதிரி இல்லையே" என்றார்.

"அதே மாதிரிதான் பண்ணியிருக்கேன்."

"அங்க அந்த ஃபைல் பேருக்குப் பக்கத்துல ஒரு அம்புக்குறி இருக்கும் மேடம். நேத்து பாத்தேன். இங்க இல்லை."

அம்புக்குறி! டோக்கன் கணினி பழையது. இடம் போதாமல் எப்போதோ யாரோ அந்தக் கோப்பைப் பெரிய வட்டுக்கு மாற்றிவிட்டு, பழைய இடத்தில் 'அங்கே போய்ப் பார்' என்று வழிகாட்டும் ஒரு லிங்க்கை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். பரிசோதனைக் கணினியிலும் அப்படியே செய்தேன். ஒத்திகை என்று தட்டினேன். தட்டியதை அவரை விட்டுச் சத்தமாகப் படிக்கவும் சொன்னேன்.

அசல் கோப்பு மாறியிருந்தது.

மறுபடி ஓட்டினேன், மறுபடி மாறியது. காரணம் ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. லிங்க்கை நகலெடுத்தால் கிடைப்பது கோப்பின் நகல் அல்ல, இன்னொரு லிங்க். அதுவும் அதே அசலைத்தான் காட்டும். நகல் என்று நினைத்து எழுதியதெல்லாம் நேராக அசலில் போய் விழுந்திருக்கிறது. நிஜமாக ஓட்டும்போது இது யாருக்கும் தெரியாது, எப்படியும் அசலை மாற்றத்தானே ஓட்டுகிறோம். ஒத்திகையில் மட்டும்தான் குட்டு உடையும்.

ஒவ்வொரு வரியையும் யார், எப்போது எழுதினார்கள் என்று அந்த மென்பொருளின் வரலாற்றில் பார்க்கலாம். பார்க்கத் தேவையே இல்லை, ஆனாலும் பார்த்தேன். எறும்பு, ஐந்து வருடத்துக்கு முன்.

டெஸ்டருக்கு எறும்பு யார் என்று தெரியும். எங்கள் ஃபிரிட்ஜிலிருந்து அவரும் தண்ணீர் குடித்திருக்கிறார். நான் குறுகிப்போனேன்.

என் பிரிவு ஆட்களைக் கூப்பிட்டேன். புறநோயாளிகள் பிரிவின் தலைமைச் செவிலியரையும் போனில் அழைத்து வரவழைத்தேன். எத்தனை பேர் முன்னால் திட்டினேனோ அத்தனை பேரையும் சேர்க்க முடியாது, முடிந்த மட்டும் சேர்த்தேன். "டெஸ்டர் அண்ணா ஒத்திகைதான் போட்டாரு. தப்பு நான் எழுதின கோட்ல இருந்துச்சு. அவரைத் திட்டினது என்னோட ரெண்டாவது தப்பு. மன்னிச்சுடுங்க அண்ணா" என்றேன்.

"சரிங்க மேடம். டீ ஆறுது, குடிங்க" என்றார் அவர்.

நிர்வாகியிடம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நேத்து ஊழியர் தப்புன்னு எழுதிக் குடுத்தீங்க. இன்னைக்கு மென்பொருள் தப்புங்கறீங்க. நாளைக்கு என்ன சொல்வீங்களோ? ஒண்ணு பண்ணுங்க. அந்த மென்பொருள்காரங்க ஒத்துக்கட்டும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள வந்தா ஆணையைக் கிழிச்சுடறேன். இல்லைன்னா அது அப்படியே போகும்."

"அந்த மென்பொருள்காரங்கள்ல நானும் ஒருத்தி சார்."

"அதனாலதான் இன்னொருத்தர் சொல்லணும்கறேன்" என்றார். அதில் தவறு காண முடியவில்லை.

திருத்தம் நான்கே வரி. லிங்க்காக இருந்தால் அது காட்டுகிற இடம்வரை போய், அங்கிருக்கும் கோப்பை நகலெடு. அன்று மாலைக்குள் எழுதி, நடந்ததை விளக்கி அனுப்பிவிட்டேன். எழுதியவர் பெயர் எறும்பு, தவறு செய்தவர் பெயரும் எறும்பு. வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து தாளைப் பிய்க்கப் போனேன். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்கு? வண்டி இடிச்சா ஓரமா நிறுத்தி இறங்கிப் பாக்கணும். லைசென்ஸைக் கிழிச்சுப் போடக் கூடாது."

மூன்று பிள்ளை பெற்ற இந்தக் காலம் முழுக்க அவர் சொன்னதிலேயே உருப்படியான பேச்சு அதுதான். தாள் அங்கேயே இருந்தது.

வியாழன் காலை அலுவலகத்துக்குப் போனதும் ஆந்தையின் பதில் காத்திருந்தது. "எறும்பு, ஐந்து வருடத்துக்கு முன் இதைப் பார்த்துச் சரி சொன்னது நான். எனக்கும் பங்கு உண்டு. திருத்தம் நன்றாக இருக்கிறது. ஆனால் சோதனை எங்கே?"

அங்கே அது வழக்கம். ஒரு திருத்தம் அனுப்பினால் கூடவே ஒரு சோதனையும் எழுதி அனுப்ப வேண்டும், நாளைக்கு வேறு யாராவது கை வைத்து அதே பிழையைத் திரும்பக் கொண்டுவந்தால் அது கூச்சல் போட வேண்டும். நான் எழுத உட்கார்ந்தேன். பிறகு எழுந்து நாற்காலியை டெஸ்டர் பக்கம் தள்ளினேன்.

"நீங்க எழுதுங்க அண்ணா."

"நானா? எனக்கு அவங்க பாஷையே பாதிதான் புரியும்."

"பிழையைப் புடிச்சது நீங்க. காவலுக்கும் நீங்கதான் நிக்கணும்."

ஒற்றை விரலால் அந்த நாள் முழுக்க எழுதினார். பக்கத்தில் நான் இருந்தேன், கேட்டால் மட்டும் சொன்னேன். அவர் கேட்காதபோது வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பதினெட்டு வரிகள் வந்தன. அனுப்பும்போது அவரே கீழே ஒரு குறிப்பும் எழுதினார்: "திருத்தம் இல்லாமல் ஓட்டினேன், சோதனை தோற்றது. திருத்தத்தோடு ஓட்டினேன், ஜெயித்தது. திருத்தத்தை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன், தோற்றது."

ஆந்தை கேட்டது: "முதல் இரண்டும் புரிகிறது. மூன்றாவது எதற்கு?"

டெஸ்டர் நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டுத் தட்டினார்: "நடுவில் சோதனையே கெட்டுப்போயிருந்தால்?"

எங்கள் பிரிவு முழுக்க என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. பிறகு ஒரு வரி வந்தது. "இருபது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. யார் நீங்கள்?"

"எலக்ட்ரீஷியன்" என்று எழுதினார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பொய்யில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவர்களுடைய பதினாறு தானியங்கிச் சோதனைகள் ஓடின. பதினைந்து பச்சை, ஒன்று சிவப்பு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால், பெரிய காரணம் எதுவுமில்லை. வெளியீட்டுப் பட்டியலில் போட வேண்டிய ஒரு வரிக் குறிப்பை நாங்கள் வைக்கவில்லை. பிழையைத் திருத்துகிற அவசரத்தில் பெருமை அடித்துக்கொள்கிற வரியை மறந்துபோயிருக்கிறேன், நான்! அந்த வரியை டெஸ்டரே எழுதினார். பிழையைக் கண்டவர் பெயர் போட வேண்டிய இடத்தில் யோசித்தார்.

"சொந்தப் பேர் போடுங்க அண்ணா."

"அது எதுக்கு? இங்க யாருக்குமே அது தெரியாது" என்று டெஸ்டர் என்றே போட்டார்.

மணி இரண்டு ஐம்பதுக்குத் திருத்தம் சேர்க்கப்பட்டது. ஆந்தையோடு பேசிய எல்லாவற்றையும் அச்செடுத்து, படியில் இரண்டிரண்டாகத் தாவி நிர்வாகியின் அறைக்கு ஓடினேன். அவர் நிதானமாகப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். "இந்த எலக்ட்ரீஷியன்னு இருக்கறது...?"

"நம்ம ஆளுதான் சார்."

ஆணையை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். "வேற யாருக்கும் இந்த மாதிரி ஆகாதே?" என்று கேட்டார்.

"இனிமே உலகத்துல யாருக்கும் ஆகாது சார்" என்றேன். இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்கிற வாய்ப்பு ஒரு மனுஷிக்கு எத்தனை முறை கிடைக்கும்? நான் நன்றாக நிமிர்ந்து நின்றுதான் சொன்னேன்.

அதோடு டெஸ்டர் விடவில்லை. பதிவின் முதல் வரியிலேயே ஓடியது ஒத்திகையா நிஜமா என்று எழுத வேண்டும் என்றார். "என் நோட்டுல இருக்கு. மெஷின் நோட்டுல ஏன் இல்லை?" அதையும் சேர்ந்து எழுதி அனுப்பினோம், அதுவும் சேர்ந்தது. புதியவர்கள் அங்கே சோதனை எழுதி அனுப்பினால் ஆந்தை இப்போதெல்லாம் "மூன்றாவது முறை ஓட்டினீர்களா?" என்று கேட்கிறதாம்.

ஐந்து வாரம் கழித்துப் புதிய பதிப்பு வந்தது. பட்டியலை இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்று எங்கள் ஃபிரிட்ஜுக்கு, பழைய தாளுக்குப் பக்கத்தில். இன்னொன்றை டெஸ்டரிடம் கொடுத்தேன். அவர் தன் வரிகளை மட்டும் கத்தரித்து, நோட்டில் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில், பத்து முப்பத்தொன்று என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே ஒட்டினார். விரலால் நீவிவிட்டார்.

"இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கு மேடம்" என்றார். "டோக்கன் கணினியில அதே ஒத்திகையை ஓட்டிப் பாக்கலையே."

பரிசோதனைக் கணினியில் பார்த்தாயிற்று, உலகமே பார்த்தாயிற்று. ஆனாலும் அவர் கேட்டது எனக்குப் புரிந்தது. "எப்ப ஓட்டலாம்? கூட்டம் இல்லாத நேரமா பாத்து..." என்று இழுத்தார்.

"கூட்டம் இருக்கும்போதே ஓட்டுங்க" என்றேன். "காலையில, அதே நேரத்துக்கு. நான் கீழ போய் நிக்கறேன்."

மறுநாள் பத்தரைக்குப் புறநோயாளிகள் கூடத்தின் நடுவில், அவரைத் திட்டிய அதே இடத்தில் நின்றேன். இருநூறு பேருக்குக் குறையாது. புதிய பலகைகள் இன்னும் வந்து சேரவில்லை, தலைக்கு மேலே அதே பழைய ஆறு பலகைகளும் எரிந்துகொண்டிருந்தன. காதில் போன். "நோட்டுல எழுதிட்டேன்" என்றார் மேலேயிருந்து. "அழுத்தறேன்." சிவப்பு எழுத்தில் நூற்று நாற்பத்தேழு என்று இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பலகைகள் நிமிடத்துக்கு ஒரு முறை தங்கள் கோப்பைப் பார்க்கும். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. மணியடித்தது, நூற்று நாற்பத்தெட்டு என்று மாறியது.

"எரியுதா மேடம்?" என்று போனில் கேட்டார்.

"எரியுது அண்ணா" என்றேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

பக்கத்து நாற்காலியில் மடியில் மருந்துப் பையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். நான் பலகையைப் பார்த்துச் சிரிப்பதையும் அழுவதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, என் முழங்கையைத் தொட்டார்.

"என்னம்மா, உன் நம்பர் வந்துருச்சா?"

"வந்துருச்சும்மா" என்றேன்.